பாளையம் இறங்கிய ஊர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே கொல்லம் நோக்கிச் செல்லும் பெருவழியில் கழக்கூட்டம் என்னும் ஊர் இருக்கிறது. மார்த்தாண்டவர்ம மகாராஜாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். அப்பிள்ளைமாரின் வலிமை ஒடுக்கப்பட்ட பின்னர், நெடுங்காலம் சரித்திரம் அவ்வூரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1962ஆம் ஆண்டில் சைனிக் பள்ளி தொடங்கியது முதல் நிலைமை மாறியது. இன்று பிழைப்பை நாடி அங்கே சென்ற தமிழர் பலர். நேயர்களிலும் சிலர் அவ்வூர்ச் சாலை நெரிசலில் நின்றிருப்பீர்கள். படையும் அரசு நிலையங்களும் ஓரிடத்தில் வந்து அமரும்போது, அவற்றின் பின்னே வரும் மக்களுக்கு இடம் வகுப்பவர் யார்? இக்கேள்வி திருவிதாங்கூருக்குப் புதியதன்று.

முன்பு அந்நாட்டின் தலைநகரம் பத்மநாபபுரம். அருகிலேயே உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னர் மன்னரின் படைத்தலைவராகி, அக்கோட்டையில்தான் வீரரைப் பழக்கினார். அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. 1795இல் கார்த்திகைத் திருநாள் மகாராஜா தலைநகரத்தைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அரண்மனை பெயர்ந்தால் காவற்படையும் பெயர்தல் இயல்பே. அவ்வீரர்கள் தாங்கள் வழிபட்ட பிள்ளையாரையும் உடன் கொண்டுவந்தனர் என்பது வழக்கு. கிழக்கே கோட்டை வாயிலருகே உள்ள பழவங்காடிக் கணபதி அவரே. இன்றும் அக்கோயிலைப் பராமரிப்பது இந்திய இராணுவம்.

படைக்கும் அரண்மனைக்கும் பிள்ளையார் மட்டும் போதுமா? அரிசியும் உப்பும் துணியும் வேண்டுமே! இதனை அறிந்தவர் திவான் ராஜா கேசவதாஸ். கோட்டைக்குக் கிழக்கே, கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் வழித்துணையாகக் கொண்டு, சாலைக் கடைத்தெருவை அவர் அமைத்தார். அதில் கடை விரித்தவருள் தமிழ் வணிகர் மிகப் பலர். பிற்காலத்தில் அத்தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அத்தெரு மாந்தரையே கதைகளாக எழுதியவர் நம் ஆ. மாதவன். திட்டமிடல் என்ற சொல் அலுவலகங்களுக்கு வருமுன்பே நிகழ்ந்த திட்டம் இது. ஆனால் விட்டுவந்த ஊரைப் பற்றி எவரும் திட்டம் வகுத்ததாகத் தோன்றவில்லை. பத்மநாபபுரம் மரவேலைப்பாடு மிக்க அரண்மனையுடன் அடங்கிய சிற்றூராயிற்று. 1956 நவம்பர் 1இல் அது கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்துக்கு வந்தது.

அடுத்தது நகரின் வடபுறத்துப் பாளையம். பெயரே கதை சொல்லும். அங்குத் தங்கியிருந்த படையின் முசுலிம் வீரர்கள் 1813இல் எழுப்பிய சிறு பள்ளிவாசலைப் பட்டாளப் பள்ளி என்றனர். இன்று அருகருகே நிற்கும் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் கிறித்தவப் பேராலயமும் காண்போரை வியக்கவைக்கின்றன. பக்கத்திலேயே கன்னிமாரா சந்தை. பின்னர்ப் படை பாங்கோட்டுக்குப் போயிற்று. சந்தையும் வழிபாட்டிடங்களும் போகவில்லை. நாயர் படையின் வழிவந்தோர் இன்று மதராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாளமாக விளங்குகின்றனர்.

இனிக் கழக்கூட்டத்துக்கு வருவோம். அதன் மேற்கே கடற்கரையில் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால் ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் அவ்விடத்தை ராக்கெட் ஏவத் தேர்ந்தனர். அது படைத்தளம் அன்று. ஆயினும் வேலியும் காவலும் நில எடுப்பும் ஒன்றே. பள்ளித்துறை மீனவர் வீடுகளும், அவர்களுடைய மகதலேனா மரியாள் கோயிலும் எல்லைக்குள் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசி இசைவு பெற்றார். கோயில் அலுவலகமாயிற்று, இராமேசுவரத்து அப்துல் கலாம் தொடக்க நாட்களில் வேலை செய்தது அங்கேதான். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்தது. மீனவர்கள் வேறிடத்தில் வீடும் புதுக்கோயிலும் பெற்றனர். வீடு கட்டித் தரலாம். வள்ளம் ஏற்றிவைக்கும் பழகிய கரையைக் கட்டித் தர இயலுமா?

பின்னர் 1984இல் ஆக்குளத்தில் விமானப்படையின் தெற்குத் தலைமையகம் வந்தது. பள்ளிப்புரத்தில் மத்திய சேமக் காவற்படை முகாம் அமைந்தது. 1990இல் டெக்னோபார்க் என்னும் மின்னணுப் பூங்கா கழக்கூட்டத்திலேயே தோன்றியது. ஒவ்வொன்றும் தன் வேலிக்குள் சீரிய ஒழுங்குடையது. வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடையும் வாடகை அறையும் நெருங்கின. இத்தனைக்கும் நடுவில் கழக்கூட்டத்தின் பொறுப்பு 2010 வரை ஒரு கிராமப் பஞ்சாயத்தின் கையில் இருந்தது. அவ்வாண்டுதான் அது திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. நெரிசலைத் தாண்டிச் செல்ல உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது 2022இல்; பூங்கா தோன்றி 32 ஆண்டுகள் கழித்து. கேசவதாஸ் கடைத்தெருவைப் படையோடு கூடவே அமைத்தார்.