பாறையுப்பில் தொல்மகரந்த ஆய்வு
புராதனக் கடல்கள் வற்றிப் படிந்த பாறையுப்பில் சிறைப்பட்டுக் கிடக்கும் மகரந்தத் துகள்களையும் வித்துத்தூள்களையும் பிரித்தெடுத்து, அவ்வுப்பின் வயதையும் அக்காலத்துத் தாவர வர்க்கங்களையும் நிர்ணயிக்க முயலும் இவ்வாராய்ச்சி, மகரந்தவியலின் ஒரு கிளையாகும். உப்பு முற்றிய நீரில் சிப்பியும் மீனும் ஜீவித்திருத்தல் அரிதாகையால், பிற பாறைகளின் காலத்தை அறிவிக்கும் பிராணிச் சின்னங்கள் இங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. அண்டை நிலத்துக் காடுகளிலிருந்து காற்று கொணர்ந்து சேர்த்த மகரந்தமே பல சமயங்களில் தனிச் சாட்சியாக நிற்கிறது. ஸ்போரோபொலெனின் என்னும் பொருளாலான அதன் புறவுறை, அமிலங்களுக்கும் எளிதில் இளகாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் உருக்குலையாதிருக்க வல்லது.

களிக்கல்லிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்க ஹைட்ரோபுளூரிக் அமிலம் போன்ற கொடிய திரவம் தேவைப்படும். உப்புக்கோ தூய நீரே போதும். கட்டியின் மேற்பரப்பைக் கழுவி நீக்கி, உள்ளீட்டைக் கரைத்து, அடியில் தங்கும் வண்டலைச் சுத்திசெய்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் துகள்கள் புலப்படும். ஆனால் இந்த எளிமையே இத்துறையின் பெரும் அபாயமுமாகும். ஏனெனில் ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கரைக்கும் நீரே மலையினுள்ளும் கசிந்து அதனைக் கரைத்து மீண்டும் படிகமாக்குமாயின், பிற்காலத்துத் துகள்கள் பழைய உப்பினுள் புகுந்து முத்திரையிடப்பட்டுவிடும்.

இதன் சிறந்த வெற்றி ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைகளில் விளைந்தது. அங்குள்ள உப்பு மலையின் துகள்களைப் பொட்டோனியேயும் கிளவுஸும் 1954இல் விவரித்தனர். அவர்கள் பெயரிட்ட லூக்கிஸ்போரிட்டஸ், இரு காற்றுப்பைகளும் நடுவே பிளந்த உச்சியுறையும் உடைய ஊசியிலை மரவகை மகரந்தம். பெர்மியன் யுகத்தின் பிற்பகுதிக்குரிய இத்தகைய துகள்கள், அவ்வுப்பு ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை நிலைநாட்ட உதவின.

அதற்கு முன்பே, 1940களில், பஞ்சாபின் உப்பு மலைத்தொடர் கடுமையான விவாதமொன்றை எழுப்பியிருந்தது. நம் நாட்டு மருந்துக்கடைகள் நெடுங்காலம் விற்றுவந்த இந்துப்பின் பிறப்பிடங்களுள் ஒன்றான கேவ்ராச் சுரங்கம் இத்தொடரிலேயே உள்ளது. இம்மலைகளுக்கு அண்மையிலுள்ள பேராவில் 1891இல் பிறந்த தொல்தாவரவியலறிஞர் பீர்பல் சாஹ்னி, உப்பில் மட்டுமன்றி உடன் கிடக்கும் டாலமைட்டிலும் களிக்கல்லிலும் பூக்கும் தாவரங்களின் மரச் சிராய்களையும் பூச்சித் துணுக்குகளையும் கண்டு, இவ்வுப்பு இயோசீன் காலத்தது, அதாவது சுமார் 5 கோடி ஆண்டுகள் பழமையுடையது, என வாதித்தார். உப்பின் மேலோ மிகப் பழைய கேம்பிரியன் அடுக்குகள் கிடந்தன. அவை பிற்கால நில அசைவினால் உப்பின்மீது தள்ளப்பட்டவை என்பது அவருடைய கட்சியினர் கூறிய சமாதானம். அடுக்குகள் இயல்பாகவே ஒன்றன்மேலொன்று அமைந்தவை என்று ஈ. ஆர். ஜீ முதலிய புவியியலார் மறுத்தனர். பின்னர் ஐயத்துக்கிடமில்லாத கேம்பிரியன் படிவுகளிலிருந்தும் ஒத்த துணுக்குகள் அறிவிக்கப்பட்டன. சாஹ்னி 1949இல் காலமானார். உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதென்ற முடிவே இன்று நிலைபெற்றுள்ளது. தம் மாதிரிகளைப் பேணுவதில் அவர் காட்டிய சிரத்தையை எவரும் குறைகூற இயலாது. அத்துணுக்குகள் உப்பினுள் எப்பொழுது நுழைந்தன என்பதே தீராத கேள்வியாயிற்று.

ஆகவே தற்கால ஆராய்ச்சியாளர், வெடிப்பற்ற படிகத்தின் நடுப்பகுதியையே தேர்ந்தெடுப்பதோடு, உப்பிடாத நீரையும் அதே பாத்திரங்களில் அதே முறையில் பரிசோதித்து, ஆய்வுக்கூடத்துக் காற்றிலிருந்து எவ்வளவு மகரந்தம் விழுகிறதென்பதைத் தனியே கணக்கிடுகின்றனர்.