அறுபதாயிரம் கடிதங்களும் மரணப் பதிவேடும்

பத்திரிகையில் மரண அறிவித்தல்களைக் கையாண்டவர்களுக்கு ஒரு சங்கடம் நன்கு தெரியும். ஒரே பெயரில் இருவர் இருப்பர். ஒருவரது பெயரே இருவிதமாக எழுதப்பட்டிருக்கும். இறந்தவர் இன்னார்தான் என உறுதிசெய்யாமல் அச்சேற்றினால் மறுநாள் உயிரோடிருப்பவரே வாசலில் வந்து நிற்பார். மருத்துவ ஆய்வாளர்களையும் இதே சங்கடம் பின்தொடர்ந்து வந்துள்ளது.

புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று றிச்சர்ட் டொல், ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் ஆகிய இருவரும் 1950 இல் இலண்டன் மருத்துவமனை நோயாளர்களைக் கொண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை. நோய் கண்டபின் பழக்கத்தை விசாரிப்பது போதாது; பழக்கத்தை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, மரணத்துக்காகக் காத்திருக்கவேண்டும். கேட்பதற்குக் கொடூரமாக இருப்பினும் வேறு வழி இருக்கவில்லை.

அவர்கள் தெரிவுசெய்தது வைத்தியர்களை. காரணம் எளிது. வைத்தியர்களின் பெயர்கள் மருத்துவப் பதிவேட்டில் உண்டு. ஆதலால் அவர்களைத் தொலைத்துவிட முடியாது. 1951 ஒக்ரோபரில் பிரித்தானிய வைத்தியர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்குச் சிறிய வினாக்கொத்து ஒன்று அனுப்பப்பட்டது. பயன்படத்தக்க பதில் அளித்த ஆண்கள் மட்டும் 34,439 பேர்.

அதன்பின் பதிவாளர் நாயகங்களின் அலுவலகங்கள் கைகொடுத்தன. தொழில் 'வைத்தியர்' எனக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு மரணத்தின் விபரமும் ஆய்வாளருக்கு வந்தது. கடல்கடந்து இறந்தோரை மருத்துவச் சங்கத்தின் பதிவுகள் காட்டிக்கொடுத்தன. அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. சுவாசப்பைப் புற்றுநோய் எனச் சான்றிதழ் கூறினால், அதில் ஒப்பமிட்ட வைத்தியருக்கு எழுதி, நோய் எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது எனக் கேட்டனர். கணினியின் துணை இன்றி, தாளும் தபாலும் கொண்டு நடந்த வேலை இது.

1954 இல் முதல் அறிக்கை வெளியானது. 35 வயதைத் தாண்டிய ஆண் வைத்தியர்களில் 789 பேர் இறந்திருந்தனர். அவர்களில் 36 பேருக்கு மரண காரணம் சுவாசப்பைப் புற்றுநோய். அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவரும் இல்லை. இருபதாண்டுகளில் இறந்த ஆண் வைத்தியர்களின் தொகை 10,072 ஆயிற்று.

ஐம்பதாண்டுக் கணக்கு 2004 இல் வந்தது. இடைவிடாது சிகரெட் புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்திருந்தார். ஹில் 1991 இலேயே மறைந்துவிட்டார். டொல், முதலாய்வின்போதே புகைத்தலைக் கைவிட்டவர், அந்தக் கட்டுரையில் தாமே ஒப்பமிட்டார்; அடுத்த ஆண்டு, தமது 92 ஆவது வயதில் காலமானார்.