கருவிக்கு முன் பனுவல்: பார்வையற்ற மாணவரும் தமிழ் எழுத்தின் கணினி வடிவமும்

மாற்றுத்திறனாளி மாணவருக்கான உதவித் தொழில்நுட்பம் என்ற பேச்சு எழுந்தால், நம் கல்வி நிருவாகத்தின் எண்ணம் கருவிகளின் பக்கமே போகிறது. மடிக்கணினி, கைபேசி, ஒலிப்பதிவுக் கருவி, மின்னணு ஊன்றுகோல் ஆகியவற்றை எண்ணிக் கொடுக்கலாம். கொடுத்ததற்குக் கணக்குக் காட்டலாம். உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் நடந்துவருகிறது. அதன் பயனைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தமிழ்வழி பயிலும் பார்வையற்ற மாணவரின் முதன்மையான தடை கருவியின்மை அன்று. அக்கருவி படிக்கத்தக்க வடிவில் தமிழ்ப் பனுவல் இல்லாமையே என்பதை இங்கு நிறுவ முயல்கிறேன்.

கருவியின் விலை ஒருகாலத்தில் உண்மையாகவே தடையாக இருந்தது. திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பான் 1989இல் வந்தபோதும் அதன் பின்னரும் இந்திய மாணவர் எட்டிப்பிடிக்கும் விலையில் அது இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த ‘என்விடிஏ’ திரைவாசிப்பான் இந்நிலையை மாற்றியது. அது இலவசம், மூலநிரலும் திறந்தது. அதனுடன் வரும் ‘ஈஸ்பீக்’ குரல் தமிழையும் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘டாக்பேக்’ செயலியும் தமிழ்க் குரலும் கிடைக்கின்றன. சென்னை ஐஐடி முன்னின்று நடத்திய கூட்டுத் திட்டம் இந்திய மொழிகளுக்கான பேச்சுத்தொகுப்பிகளை உருவாக்கியுள்ளது. படிக்கும் கருவி இன்று கையிலேயே இருக்கிறது. எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் ஒரு நூலை மாற்றிக்கொள்வதற்கு இசைவளித்தது. பார்வையற்றோர் நூல்களை அணுக வழிசெய்வதற்கென 2013இல் ஏற்கப்பட்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு உலகிலேயே முதலில் பின்னேற்பு அளித்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆம் பிரிவு, பதினெட்டு வயது வரை நூல்களையும் பிற கற்றல் பொருள்களையும் உதவிக் கருவிகளையும் கட்டணமின்றி வழங்கச் சொல்கிறது. அந்த வரிசையில் நூல்கள் முதலில் நிற்கின்றன. நடைமுறையில் வரிசை தலைகீழாகிவிட்டது. ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் 2016இல் தொடங்கப்பட்டது நல்ல முயற்சியே. ஆயினும் தமிழ் இலக்கியமோ வரலாறோ முதுகலையில் படிக்கும் மாணவருக்கு வேண்டிய நூல்களில் பெரும்பகுதி இன்னும் மாற்றப்படவேண்டிய நிலையில்தான் உள்ளது. மாற்றிக்கொள்ள உரிமை தரும் சட்டம், மாற்றும் உழைப்பைப் பெரிதும் தொண்டு நிறுவனங்களின் தலையில் வைத்துவிட்டது.

ஏன் மாற்றவேண்டியிருக்கிறது? கணினியில் அச்சுக்கோத்த நூல்தானே, கோப்பு இருக்குமே என்று கேட்கலாம். கோப்பு இருக்கும், அதில் தமிழ் இருக்காது. நம் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பயன்படுத்திய, பல இடங்களில் இன்றும் பயன்படுத்தும், பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். கண்ணுக்கு அது அம்மா. திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கூட்டம். அப்படியே உச்சரித்துக் காட்டும். இத்தகைய எழுத்துருக்கள் பல. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குறியீடு.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளைத் தரப்படுத்தியது. அவையும் பழைய எழுத்துருக்களைப் போலவே எட்டுபிட் குறியீடுகளே. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது வந்த அரசாணை, உலகப் பொதுக் குறியீடான யூனிகோடைத் தரமாக ஏற்றது. நல்லது. ஆனால் அதே ஆணை, யூனிகோட் பயன்படாத இடங்களுக்கு மாற்றாக ‘டேஸ்16’ என்னும் குறியீட்டையும் ஏற்றது. டேஸ்16 அமைந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். 247 எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் அந்த அமைப்பின் மொழியியல் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் தனிப்பயன் பகுதியில் உள்ள குறிக்குப் பொதுவான பொருள் கிடையாது. வழக்கிலுள்ள திரைவாசிப்பான்கள் அதை எழுத்தாகக் கொள்வதில்லை. அச்சுக்கு வசதி என்று அதை அனுமதித்தவர்களின் கணக்கில் பார்வையற்ற வாசகர் இருந்ததாகத் தெரியவில்லை.

யூனிகோடில் அச்சுக்கோத்துவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. பிடிஎஃப் கோப்பு பார்வைக்காக உருவானது. ‘கொ’ என்ற எழுத்தை அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண் காணும் வரிசையில் வைத்திருக்கக்கூடும். அப்படி வைத்த கோப்பைத் திரைவாசிப்பான் படிக்கையில் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சொல் சிதையும்.

பிரெய்லோ தொடக்கத்திலிருந்தே ஒலி வரிசையில் எழுதப்படுவது. பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெய்ல் முறை இல்லை. 1951இல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்ட பிறகே அது அமைந்தது. அதில் ‘கொ’ என்பது ககரக் கட்டமும் அடுத்து ஒகரக் கட்டமும். யூனிகோடும் மெய்க்குப் பிறகே உயிர்க்குறியைச் சேமிக்கிறது. மெய்யின் புள்ளி மட்டும் பிரெய்லில் எழுத்துக்கு முன்னே வரும். அதை ஒரு விதியால் சரிசெய்யலாம். பனுவலைப் பிரெய்லாக மாற்றும் ‘லிப்லூயி’ என்னும் திறந்த மென்பொருளில் தமிழுக்கான அட்டவணை உள்ளது. சரியான யூனிகோட் கோப்பு ஒன்றிருந்தால் ஒலி, பிரெய்ல் அச்சு, பெரிய எழுத்து மூன்றும் அதிலிருந்தே பிறக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கைபேசியே படித்துச் சொல்லும் காலத்தில் பிரெய்ல் எதற்கு? ஒரு பாடநூல் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருகும். செலவும் இடமும் மிகுதி. இவ்வாதத்தை ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழைப் பொறுத்தவரை இது ஆபத்தான வாதம். னகரத்தையும் நகரத்தையும் இன்று நாம் ஒன்றாகவே ஒலிக்கிறோம். ரகர றகர வேறுபாடு பெரும்பாலோர் நாவில் இல்லை. லகர ளகர ழகரங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மயங்குகின்றன. எந்திரக் குரல் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘அரம்’, ‘அறம்’ இரண்டும் காதுக்கு ஒன்றாகிவிட்டால், கேட்டே படித்த மாணவர் எதைக்கொண்டு எழுத்தை அறிவார்? பார்வையுள்ள பிள்ளை ஆயிரம் முறை கண்ணால் கண்டு, அறியாமலே பிழையின்றி எழுதக் கற்கிறது. பார்வையற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பைத் தருவது விரல் ஒன்றே. வல்லினம் மிகும் இடம், மிகாத இடம், சொல் பிரிப்பு, நிறுத்தக்குறி யாவும் இவ்வகையினவே. கேட்டலை மட்டும் கொடுத்துவிட்டு அதை எழுத்தறிவு என்று அழைப்பது நேர்மையாகாது.

தேர்வுமுறை இக்குறையை மூடி மறைக்கிறது. மாணவர் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். விடைத்தாளில் உள்ள எழுத்து, எழுதுபவருடையது. பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்து மதிப்பெண் பெற்ற ஒருவர் ஒரு விண்ணப்பத்தைத் தாமே பிழையின்றித் தட்டச்சு செய்ய முடியாமல் நிற்கும்போதுதான் குறை வெளிப்படும். பிரெய்லிலோ கணினியிலோ விடை எழுதும் தெரிவை ஒன்றிய அரசின் 2013, 2018 வழிகாட்டுதல்கள் ஏற்கெனவே தந்துள்ளன. அதைப் பயன்படுத்தும் துணிவு வரவேண்டுமானால் தொடக்கப்பள்ளியிலேயே பிரெய்லும் தமிழ்99 விசைப்பலகையும் கற்பிக்கப்பட வேண்டும். வேலூர் காட்பாடியில் உள்ள வொர்த் அறக்கட்டளை, பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் பிரெய்ல் தட்டச்சுப்பொறிகளை நம் மண்ணிலேயே தயாரித்த வரலாறு உண்டு. எழுதுகருவிக்கு நாம் வெளியே தேடிப் போகவேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு, பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை மீட்கும் எழுத்துணரி மென்பொருள் எல்லாவற்றையும் படித்துவிடுமே என்பது. தமிழ் எழுத்துணரி வெகுவாக முன்னேறியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. தெளிவான அச்சுப் பக்கத்தில் அது நன்றாகவே செயல்படும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் பழைய ணை, லை, றா, னா வடிவங்கள் இடறுகின்றன. அடிக்குறிப்பும் அட்டவணையும் பாட்டும் உரையும் கலந்துவிடுகின்றன. ஒரு மெய்ப்புள்ளி விடுபட்டாலே சொல் வேறாகிவிடும். பார்வையுள்ள ஆய்வாளர் ஐயம் வந்தால் மூலப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். பார்வையற்ற ஆய்வாளருக்கு அந்த முறையீட்டு வழி இல்லை. பிழை பிழையென்றே தெரியாமல் மேற்கோளாகிவிடும். எழுத்துணரியைப் பழைய நூல்களுக்கு வேறு வழியில்லாத துணையாக ஏற்கலாம். இன்று கணினியிலேயே உருவாகும் நூலை அச்சிட்டு, அந்த அச்சைப் படமெடுத்து, படத்திலிருந்து எழுத்தை மீட்பது வீண்வேலை.

கணிதம் தனிக் கட்டுரைக்குரியது. பல பள்ளிகளில் இன்னும், தொட்டுணர்ந்து கணக்கிடும் டெய்லர் பலகையே துணை. சமன்பாட்டைத் தமிழில் எப்படிப் படிப்பது என்பதற்கே ஒப்புக்கொண்ட மரபு இல்லாதபோது மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆசிரியரின் பொறுப்பு எளிதானது, எளிதானதாலேயே கவனிக்கப்படாதது. பாடக்குறிப்பைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்வையற்ற மாணவருக்கு அது வெற்றுப் படம். அதையே யூனிகோடில் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தலைப்பு வடிவமாகக் குறித்து, படங்களுக்கு ஓரிரு வரி விளக்கம் சேர்த்தால் வேறு கருவி வேண்டாம். இது சிறப்புக் கல்வி பயின்றவர்க்கு மட்டும் உரிய திறமையன்று. பொதுப்பள்ளியில் சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வந்துபோகக்கூடும். பாடம் நடத்துபவர் பாட ஆசிரியரே. எனவே பொதுக் கல்வியியல் பட்டப்படிப்பிலேயே இது செய்முறைப் பயிற்சியாக இடம்பெற வேண்டும்.

பதிப்பகத்தின் பங்கு இதைவிடப் பெரிது. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூல்களுக்கும், பல்கலைக்கழக நல்கையில் அச்சாகும் நூல்களுக்கும், யூனிகோடில் அமைந்த இபப் என்னும் மின்னூல் கோப்பையும் உடன் ஒப்படைப்பதை நிபந்தனையாக்கலாம். அக்கோப்பை நூலக ஆணைக்குழு பாதுகாத்து, தகுதியுள்ள வாசகருக்கு மட்டும் வழங்கலாம். பதிப்புரிமைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. கொள்முதல் ஆணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நூலெழுதும் நாமே.