மூன்றாவது பெட்டி

எங்கள் வீட்டில் ஸ்டீரியோ என்றால் இரண்டு பெட்டிதான். எண்பதுகளில் அப்பா தவணையில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர், நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர். கேசட் போய் சிடி வந்து, சிடி போய் கைப்பேசி வந்த பிறகும் அந்த ஜோடி மட்டும் மாறவில்லை. போனஸ் பணத்தில் நான் ஒரு சப்வூஃபர் வாங்கி வந்து ஹாலில் இறக்கியபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு காதுக்கு எதுக்குடா மூணு பெட்டி?"

"பாஸுக்குப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். பொறியியல் படித்தவனுக்கு அது ஒரு பதிலே இல்லை. சரியான பதிலைத் தேடிப் போனபோதுதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

இரண்டு பெட்டிக் கதை 1931 டிசம்பரில் தொடங்குகிறது. லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் பிளம்லைன், இரண்டு ஒலிவழிகளைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கவிடும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு 28 வயது. ஏறக்குறைய என் வயது. ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு ஒலிகளைச் செதுக்கலாம் என்ற யோசனையும் அந்த விண்ணப்பத்திலேயே இருந்தது. 1942-இல் ரேடார் சோதனைக்காகச் சென்ற போர் விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1958-இல்தான். அவர் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் மேலும் கீழும் ஆடும். பாஸ் ஒலிக்கு ஊசியின் அசைவு பெரிது. இடது வலது பாஸ் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் ஊசி எகிறிக் குதித்துவிடும். அதனால் தட்டு செதுக்கிய பொறியாளர்கள் அடிநாதத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்கி நடுவில் வைத்தார்கள். அதாவது, இரண்டு வழி என்று நாம் கொண்டாடும் ஸ்டீரியோ, பாஸ் விஷயத்தில் அப்போதே பெரும்பாலும் ஒரு வழிதான்.

நம் காதும் இதற்கு ஒத்துப்போகிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 4.3 மீட்டர் நீளம். நம் இரண்டு காதுக்கும் இடைவெளி ஒரு சாண் கூட இல்லை. அவ்வளவு நீண்ட அலை ஒரு சின்ன அறையில் எந்தப் பக்கமிருந்து கிளம்பியது என்று பிரித்துச் சொல்லக் காதுக்கு ரொம்பக் கஷ்டம். "ரெண்டு சேனல்னா ரெண்டு பெட்டிதான், மூணாவது வெச்சா துரோகம்" என்று பேசும் ஆடியோ அண்ணன்மார்களுக்கு இந்த இரண்டு விஷயமும் போதும்.

அடுத்த சிக்கல் இடம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நல்ல பாஸ் வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர் வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீரியோ வந்து எல்லாரும் ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டி வாங்கவேண்டி வந்தபோது, இந்தச் சின்னப் பெட்டிதான் ஹாலில் மனிதர்களுக்கும் இடம் விட்டது.

பாஸை மட்டும் தனியே பிரித்து ஒரு பெட்டியிடம் ஒப்படைக்கும் யோசனை அடுத்து வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரேமண்ட் டோன்ஸ் 1964-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் நோக்கங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தன்னை மறைத்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்ட கருவி! எழுபதுகளில் ஸ்டீலி டான் குழுவின் 'பிரெட்ஸல் லாஜிக்' இசைத்தட்டின் மிக்ஸிங்குக்காக கென் கிரைஸல் ஒரு சப்வூஃபர் செய்துகொடுத்தார். அதுவும் இசைக்காகத்தான்.

1974-இல் கதை திரும்புகிறது. 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் சென்சரவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. நிலநடுக்கக் காட்சியில் பிரம்மாண்டமான பாஸ் ஸ்பீக்கர்கள் அரங்கையே அதிரவைத்தன. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து ஆட்கள் மேல் விழாமலிருக்க வலை கட்டினார்கள். 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று பாஸுக்கென்றே ஒதுக்கிய தனி வழி. பிறகு அது ஹோம் தியேட்டராக வீட்டுக்குள் நுழைந்தது. ஒளிந்துகொள்ளப் பிறந்த பெட்டி, "நான் இருக்கேன் பார்" என்று மார்தட்டப் பழகிக்கொண்டது.

நானும் அதைத்தான் எதிர்பார்த்து வாங்கியிருக்கிறேன். ஹாலின் மூலையில் வைத்து அப்பாவுக்குப் பிடித்த 'பிரியா' படப் பாடல்களைப் போட்டேன். 1978-இல் வந்த படம். சுஜாதாவின் நாவல், சிங்கப்பூரில் எடுத்த காட்சிகள், இளையராஜாவின் இசை. தமிழ்த் திரையில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை. நான் ஹாலின் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். பாஸ் போதவில்லை. ஏற்றினேன். சுவரோரம் தன் நாற்காலியில் இருந்த அப்பா முகத்தைச் சுளித்தார். "பாட்டு எங்கடா? டம்டம்னு மட்டும் கேக்குது." நான் விடவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டு மக்சிக் மேலே வந்து கதவைத் தட்டினார். அவர் பேரனுக்குக் காய்ச்சல்.

அன்று இரவு டேப் வைத்து ஹாலை அளந்தேன். நீளம் 4.3 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். இந்த நீளத்துக்குள் 40 ஹெர்ட்ஸ் அலையில் சரியாகப் பாதி அடங்கும். அந்த ஒலி சுவரோடு சுவர் மோதி நின்றுவிடும். இரு முனைகளிலும் வீங்கும், நடுவில் காணாமல் போகும். பாஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியின் ஒலி 41 ஹெர்ட்ஸ். ஒரே ஹாலில் நானும் அப்பாவும் வேறு வேறு பாட்டைக் கேட்டிருக்கிறோம். எனக்குக் கேட்காததை ஏற்ற ஏற்ற, அது அவரைப் போய் இடித்திருக்கிறது.

சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து நீளச் சுவரின் மையத்துக்கு நகர்த்தினேன். அங்கிருந்து அந்த 40 ஹெர்ட்ஸ் வீக்கத்தை அதனால் கிளப்ப முடியாது. பிறகு ஸ்பீக்கர்களோடு சேர்க்கும் வேலை. 1976-இல் ஹ்யூலெட்-பேக்கார்டில் வேலை செய்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு வழி சொல்கிறது. அவரும் ரஸ் ரைலியும் உருவாக்கிய முறையில், இரண்டு ஸ்பீக்கர்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் பாதியாக ஒலிக்கவேண்டும், ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் அசையவேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து ஒன்றாகும். எங்கள் ஜோடி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே களைத்துப்போகிறது. சப்வூஃபரை அங்கே சேர்த்தேன். ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டு, பாஸ் நிறைவாக இருந்த பக்கம் விட்டேன். வால்யூமைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். பெட்டி இருக்கும் இடம் காதுக்குத் தெரியாமல் போகும்வரை குறைத்தேன். எல்லாம் முழுசாகச் சரியாகிவிடவில்லை, சின்ன ஹால்தானே. ஆனால் மக்சிக் மறுபடி வரவில்லை. போன வாரம் பேரனோடு லிஃப்டில் பார்த்துச் சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டிப் பெருக்கும்போது அதன் வயரைப் பிடுங்கி வைத்தவன் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். மாலையில் அப்பா பாட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னடா, பாட்டு இன்னிக்கு இளைச்சுப்போன மாதிரி இருக்கு?"

வயரை மாட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்றாவது பெட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.