வேபர்ன் ஆஸ்பத்திரியும் விலக்கப்பட்ட மருந்தும்

ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில், ஸாண்டோஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ரை தானியக் கதிரைப் பற்றும் எர்கட் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஹாப்மன் 1938-ல் உண்டாக்கிய எல்.எஸ்.டி. என்னும் வஸ்து, ஐந்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தபின், 1943 ஏப்ரலில் அவர் உடம்பிலேயே தன் சுபாவத்தைக் காட்டியது. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உட்கொண்டாலே மனிதனின் பிரக்ஞையை அரை நாளுக்குத் தன் வசப்படுத்திக்கொள்ளும் மருந்தை எந்த நோய்க்குக் கொடுப்பது என்று கம்பெனிக்கே விளங்காமையால், மனோவைத்தியர்களுக்கு அதை இனாமாக அனுப்பி, கண்ட பலனைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டது. அதற்குத் துணிந்து ஒரு விடை சொல்ல முன்வந்தது பேர்போன வியன்னாவோ லண்டனோ அன்று. கானடாவின் மேற்குச் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே, வேபர்ன் என்னும் சிற்றூரில் 1921 முதல் இருந்துவந்த சர்க்கார் மனோவியாதி ஆஸ்பத்திரி.

அந்த ஊர் அடங்கிய சஸ்காச்சுவான் மாகாணத்தை அப்போது ஆண்டவர் டாமி டக்ளஸ். வேபர்னிலேயே பாதிரியாராக ஊழியம் செய்து, பஞ்ச காலத்தில் அவ்வூர் ஜனங்கள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டு அரசியலில் புகுந்தவர். மாகாணத்தார் அனைவருடைய ஆஸ்பத்திரிச் செலவையும் சர்க்காரே ஏற்கும் திட்டத்தை 1947-ல், வட அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் கொண்டுவந்தவர். புதுமைக்கு இடங்கொடுக்கும் அந்த ஆட்சியின் பேர், லண்டன் ஸெயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் தம் கொள்கைக்கு ஆதரவில்லாமல் மனம் சோர்ந்திருந்த ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற இளம் வைத்தியரை 1951-ல் கடல் கடந்து வரவழைத்தது. பெயோட்டி என்னும் கள்ளியின் சத்தாகிய மெஸ்கலின், நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலினைப் பெரிதும் ஒத்த அமைப்புடையது; ஆகவே சித்தப்பிரமைக்குக் காரணம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் ஏதோ ஒரு விஷமாயிருக்கலாம் என்பது அவருடைய கொள்கை. அது பிற்காலத்தில் நிலைக்கவில்லை. அவருக்குத் துணையாக வாய்த்த ஏப்ரம் ஹாஃபர், அம்மாகாணத்துக் குடியானவரின் மகன். ரசாயன சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அதன் மேல் வைத்தியமும் படித்து, மாகாண மனோவைத்திய ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்தவர்.

இவ்விருவரும் 1953-ல் ஆட்டவா நகரத்து ஹோட்டல் ஒன்றில் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் அந்த யோசனை பிறந்தது. பெருங்குடிகாரர்களில் சிலர், குடியின் முற்றிய நிலையில் கைகால் நடுங்கிப் பிதற்றி, காணாததையெல்லாம் கண்டு அலறி, பிழைத்தெழுந்த பிறகு மதுவைத் தொடுவதே இல்லை என்பதை வைத்தியர்கள் அறிவார்கள்; ஆனால் அந்த நிலையிலிருந்து பிழைக்காமல் போகிறவர்களும் உண்டு. எல்.எஸ்.டி. தரும் மயக்கம் அதைப்போலவே இருக்கிறதே, உயிருக்கு ஆபத்தின்றி அதைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினால் குடிகாரர் பயந்து திருந்தமாட்டாரா என்று எண்ணினார்கள். அதே வருஷத்தில் வேபர்னில் இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் உடனே குடியை விட்டார், மற்றவர் சில மாதம் கழித்து விட்டார்.

எதிர்பாராத சங்கதி பிற்பாடு, மேலும் பலருக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நோயாளிகள் பயந்ததால் திருந்தவில்லை. தம் வாழ்க்கையைத் தூரத்தில் நின்று பார்த்ததாகவும், மனைவி மக்களுக்குச் செய்த தீங்கை அவர்கள் கண்களாலேயே கண்டதாகவும், சொல்லுக்கு அடங்காத ஒரு சாந்தியை அனுபவித்ததாகவும் அவர்கள் எழுதிவைத்தார்கள். நரகத்தைக் காட்டத் தொடங்கிய வைத்தியர்கள் அதற்குமேல் முறையையே மாற்றிக்கொண்டார்கள். வெறும் ஆஸ்பத்திரி அறைக்குப் பதிலாக, சாய்வு நாற்காலியும் பூச்செண்டும் நல்ல சித்திரங்களும் கிராமபோன் சங்கீதமுமாக ஓர் அறை ஏற்பட்டது. நோயாளிக்கு முன்கூட்டியே விஷயத்தை விளக்கி, காலையில் மருந்து கொடுத்து, பொழுது சாயும்வரை வைத்தியரோ நர்ஸோ பக்கத்தை விட்டு அகலாமல் உட்கார்ந்திருந்து, மறுநாள் அனுபவத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்வது வழக்கமாயிற்று. மருந்து கொடுப்பவர் தாமே ஒரு தடவையாவது அதை உட்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

அந்த விதி வைத்தியர்களோடு நிற்கவில்லை. மாகாணத்துக்குப் புதிய மனோவியாதி விடுதி கட்டத் திட்டமிட்ட கியோ இஸூமி என்ற கட்டடக்கலை நிபுணர், எல்.எஸ்.டி.யை உட்கொண்டு வேபர்ன் ஆஸ்பத்திரியின் நடைகளில் நடந்து பார்த்தார். முடிவில்லாமல் நீண்டுகொண்டே போன தாழ்வாரமும், ஒரே மாதிரி ஓடு பதித்த சுவர்களும், கதவற்று இருண்டு வாய் பிளந்த அலமாரிக் குழிகளும், உட்கார்ந்தால் கால் தரையில் பாவாத உயரக் கட்டில்களும் நோயாளிக்கு எத்தகைய பீதியைத் தரும் என்பதை அவர் அன்று அறிந்துகொண்டு, யார்க்டன் நகரில் எழுப்பிய விடுதியில் அவற்றையெல்லாம் தவிர்த்தார். பைத்தியத்துக்குக் கட்டடமும் ஒரு காரணமாகலாம் என்று நிரூபிக்க இவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான்.

1956 அக்டோபரில் ஆஸ்மண்டும் ஹாஃபரும் வேறு இரு ஆராய்ச்சியாளர்களும் ரெட் பெஸன்ட் என்னும் ஆதிக்குடிகளின் குடியிருப்புக்குச் சென்றார்கள். பெயோட்டியைப் பிரசாதமாக உண்டு வழிபடும் அம்மக்களின் திருச்சபைமீது சர்க்காரின் சந்தேகப் பார்வை விழுந்திருந்த சமயம் அது. நேரில் வந்து பார்த்து உள்ளதைச் சொல்லும்படி அவர்களே விஞ்ஞானிகளை அழைத்தார்கள். கூம்பு வடிவக் கூடாரத்தில், நடுவே மூட்டிய தீயைச் சுற்றி, மாலை முதல் விடியும்வரை பறையும் பாட்டும் பிரார்த்தனையுமாக நடந்த சடங்கில் ஆஸ்மண்டும் பெயோட்டியை உண்டு அமர்ந்திருந்தார். மற்ற மூவரும் பார்வையாளர்களாக இருந்தார்கள். ஆஸ்பத்திரி சில வருஷங்களில் தட்டித் தடவிக் கற்றுக்கொண்ட ஒழுங்கு, அதாவது முன் ஆயத்தம், துணை இருப்போர், சங்கீதம், மறுநாட் காலை எல்லாரும் கூடி உண்பது எல்லாம், அங்கே சம்பிரதாயமாகவே இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு 1953 மே மாதத்தில் மெஸ்கலின் கொடுத்தவரும் இதே ஆஸ்மண்ட்தான். உலகம் பேசுவது அதைப் பற்றியே. என் அபிப்பிராயத்தில் ரெட் பெஸன்ட் இரவே அதைவிடக் கனமான சம்பவம்.

சிகிச்சை பெற்ற குடிகாரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறியதாக வேபர்ன் வைத்தியர்கள் அறிவித்தபோது, டொரான்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பவில்லை. பலன் மருந்தாலா, அல்லது பூவாலும் பாட்டாலும் பரிவாலுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண அவர்கள் செய்த பரிசோதனையில், நோயாளியைக் கட்டிலோடு வாரால் பிணைத்து, ஆறுதல் தரும் சூழல் எதுவுமின்றி மருந்தைக் கொடுத்தார்கள். விசேஷப் பலன் எதுவும் தென்படவில்லை. மருந்து வீண் என்று இவர்களும், நீங்கள் பரிசோதித்தது எங்கள் சிகிச்சையையே அல்ல என்று அவர்களும் சொன்னதோடு வாதம் நின்றது. அதே காலத்தில் மான்ட்ரியாலில் யூவன் காமரன் என்ற பெயர்பெற்ற மனோவைத்தியர், அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் ரகசியப் பணமும் வந்துசேர, நோயாளிகளின் சம்மதத்தைப் பொருட்படுத்தாமல் இதே எல்.எஸ்.டி.யை மின்அதிர்ச்சியோடும் நீண்ட தூக்க மருந்தோடும் சேர்த்துக் கொடுத்து எத்தனையோ பேருடைய நினைவைச் சிதைத்தார் என்பதையும் நினைத்துப் பார்த்தால், எங்கே, யார் கையால், எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைத் தள்ளிவிட்டு இந்த மருந்தை மட்டும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல இயலாது என்பது புலப்படும்.

சட்டத்துக்கோ வஸ்து ஒன்றுதான் கண்ணில் படும். கருவிலிருந்த சிசுக்களை அங்கஹீனமாக்கிய தாலிடோமைட் மருந்தின் அதிர்ச்சியில், 1962-ல் கானடா சர்க்கார் அதையும் எல்.எஸ்.டி.யையும் ஒரே தடை அட்டவணையில் போட்டு, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்களித்தது. ஹார்வர்டிலிருந்து 1963-ல் வெளியேற்றப்பட்ட திமதி லீரி இளைஞர் கூட்டத்துக்குக் குருவானார், மருந்து தெருவுக்கு வந்தது, பத்திரிகைகள் அலறின. ஸாண்டோஸ் 1965-ல் விநியோகத்தை நிறுத்திற்று. 1966-ல் கலிபோர்னியா தடை விதித்தது. 1970-ல் அமெரிக்கச் சட்டம், வைத்திய உபயோகமே இல்லாதவை என்னும் முதல் அட்டவணையில் சேர்த்தது. 1971-ல் ஐக்கிய நாடுகளின் வியன்னா உடன்படிக்கை அதையே உலக நியதியாக்கிற்று.

பூட்டிய கதவு மறுபடி திறக்க ஒரு தலைமுறை ஆயிற்று. 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ரோலண்ட் கிரிஃபித்ஸ், சில காளான்களில் உள்ள ஸைலோஸைபினைக் குறித்து வெளியிட்ட ஆராய்ச்சி, மரியாதையான விஞ்ஞானிகள் இத்துறையில் மீண்டும் கால்வைக்க வழி செய்தது. பழைய எல்.எஸ்.டி. பரிசோதனைகள் ஆறினை, அவற்றில் அடங்கிய 536 நோயாளிகளோடு, 2012-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒருங்கே கணக்கிட்டுப் பார்த்ததில், எல்.எஸ்.டி. பெற்ற குடிகாரர்களில் 59 சதவீதத்தாரும் பெறாதவர்களில் 38 சதவீதத்தாரும் தேறியிருந்தார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்குள் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. வேபர்ன்காரர்கள் பொய் சொல்லவில்லை, சற்றே மிகைப்படுத்தினார்கள் என்று இதிலிருந்து நான் முடிவுகட்டுகிறேன்.

ஆரிகன் மாகாணத்தார் 2020-ல் வாக்களித்து, ஸைலோஸைபினை மேற்பார்வையோடு கொடுக்க அனுமதித்தார்கள். 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில், விசேஷ அங்கீகாரம் பெற்ற மனோவைத்தியர் மட்டும், வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு ஸைலோஸைபினையும், கோரச் சம்பவங்களால் விளைந்த மனக்காயத்துக்கு எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்தையும் எழுதிக்கொடுக்கலாம். மருந்தோடு அதைக் கொடுக்கும் ஆளையும் முறையையும் சேர்த்துப் பார்க்க ஒரு சட்டம் முன்வந்திருப்பது நல்ல அறிகுறி. ஆயினும் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய பரிசோதனை வேண்டுமென்று கேட்டது. அங்கே எழுந்த ஆட்சேபங்களில் முக்கியமானது, மருந்து பெற்றவருக்குத் தாம் பெற்றது தெரிந்துவிடுவதால் பலன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிய முடியவில்லை என்பது. டொரான்டோ கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆஸ்மண்ட் 2004-லும் ஹாஃபர் 2009-லும் காலமானார்கள். வேபர்ன் ஆஸ்பத்திரிக் கட்டடமும் 2009-ல் இடிக்கப்பட்டது. நம் தேசத்தில் இந்தச் சிகிச்சைக்கு இன்னும் இடமில்லை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் எல்.எஸ்.டி., ஸைலோஸைபின், எம்.டி.எம்.ஏ. மூன்றும் இருக்கின்றன, எல்.எஸ்.டி. 0.1 கிராமுக்கு மேல் இருந்தாலே அது வாணிப அளவாகக் கொள்ளப்பட்டு, குற்றம் ருசுவானால் குறைந்தது 10 வருஷம் கடுங்காவல் தண்டனை உண்டு.