பாத்திர வகுப்புகளின் பெருக்கம்: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் தொடக்கக்கால விதியாக்கம் (1974–1978)

ஆய்வுச்சுருக்கம்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் முன்னோடியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு மூன்று பாத்திர வகுப்புகளுடன் வெளிவந்தது. 1978இல், பின்னிணைப்பில் இடம்பெற்ற ஒன்றையும் சேர்த்து, அவை பதினொன்றாயின. புதிய வகுப்புகள் எத்தேவையின்பொருட்டு உருவாயின என்பதையும், ஒரு வகுப்புக்குத் தனித்திறன் வழங்குவது பிற வகுப்புகளின் செயல்வெளியை எவ்வாறு பாதித்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திர வகுப்பு, பாத்திரமேற்பு விளையாட்டு, விதியாக்கம், நடுவர், பகடை.

முன்னுரை

‘வகுப்பு’ என்னும் சொல் இங்குச் சமூகப் பிரிவைக் குறிக்கவில்லை. ஆட்டக்காரர் ஏற்கும் கற்பனைப் பாத்திரத்தின் தொழிலையும், அத்தொழிலுக்கு விதிநூல் வகுத்த திறன்களையும் தடைகளையும் ஒருசேரக் குறிக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் பெயரில் வெளிவந்த முதற்பதிப்பு, போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகுப்புகளையே கொண்டிருந்தது. இதன் மூலம் போர் மாதிரி விளையாட்டு மரபாகும். கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் போர்விதி நூலின் கற்பனைப் பின்னிணைப்பில் வீரநாயகர்களும் மந்திரவாதிகளும் முன்பே இடம்பெற்றிருந்தனர். எனவே முதலிரு வகுப்புகள் படைக்களத்திலிருந்து வந்தவை எனலாம்.

ஆட்டமேசையில் பிறந்த வகுப்பு

மூன்றாவதாகிய சமயகுருவின் தோற்றம் வேறுபட்டது. மின்னசோட்டாவில் ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஃபாங் என்னும் இரத்தக்காட்டேரிப் பாத்திரம் அளவுகடந்த வலிமை பெற்றது. அதனை எதிர்க்க வல்ல சமயத்துறவி ஒருவர் உருவாக்கப்பட்டார். சமயகுரு இறந்தும் உலவும் உயிர்களை விரட்டும் ஆற்றல் பெற்றதன் காரணம் இதுவே. ஓர் ஆட்டக்குழுவில் எழுந்த சிக்கலுக்கான தீர்வு, அச்சேறியபோது அனைவருக்குமான விதியாயிற்று. புதிய வகுப்பு ஒன்று கோட்பாட்டிலிருந்து அன்றி ஆட்டத்தின் நெருக்கடியிலிருந்து பிறக்கும் என்பதற்கு இது முதற்சான்றாகும்.

திருடர் வகுப்பும் செயல்வெளிச் சிக்கலும்

கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா நகரில் ‘ஏரோ ஹாபீஸ்’ கடையைச் சார்ந்த ஆட்டக்காரர்களிடமிருந்து திருடர் வகுப்பு பற்றிய கருத்து கைகாக்ஸை எட்டியது. அவர் அதனைத் தம் முறையில் விரித்து 1974இல் ஒரு செய்திமடலில் வெளியிட்டார். 1975இல் ‘கிரேஹாக்’ துணைநூலில் அது முறையாக இடம்பெற்றது. முதற்படிநிலைத் திருடர் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு. நிழலில் மறையும் வாய்ப்பு 10 விழுக்காடு.

இங்கு ஒரு வினா எழுகிறது. 1974ஆம் ஆண்டு விதிகள் மறைதல், பூட்டுத் திறத்தல் முதலியவற்றுக்கு எண்கள் வகுக்கவில்லை. ஆட்டக்காரர் தம் செயலை விவரிப்பார். நடுவர் அதன் பயனைத் தீர்மானிப்பார். அவ்வகையில் அச்செயல்கள் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாயிருந்தன. திருடருக்கு எண்கள் வழங்கப்பட்டதும், பிறரால் அவை இயலுமா என்னும் ஐயம் தோன்றியது. இவ்விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

விதிநூலின் சொற்களை நுணுகி நோக்கினால் மென்மையான பொருள்கோளுக்கும் இடமுண்டு. திருடர் வெறுமனே மறைபவர் அல்லர், நிழலில் மறைபவர். வெறுமனே ஏறுபவர் அல்லர், ஏறக்குறையச் செங்குத்தான சுவரில் ஏறுபவர். இவை அரிய திறன்கள். எளிய முயற்சிகள் பிறருக்கும் உரியனவே என்று கொள்ளலாம். கதவுக்கு அப்பால் எழும் ஒலியைக் கேட்கும் திறன் இதற்கு வலுச்சேர்க்கிறது. மனிதப் பாத்திரங்கள் ஆறுமுகப் பகடையில் 1 விழுந்தால் ஒலியைக் கேட்கலாம் என்பது முந்தைய விதி. முதற்படிநிலைத் திருடருக்கு 1 அல்லது 2 விழுந்தால் போதும். இங்குப் பொதுத்திறன் பறிக்கப்படவில்லை, ஒருவருக்கு மிகுவிக்கப்பட்டது. பூட்டுத் திறத்தலுக்கு அத்தகைய பொது அளவு முன்பு இல்லாமையே சிக்கலுக்கு வித்திட்டது.

வாசகர் பங்களிப்பும் தடைகளும்

1975 முதல் ‘ஸ்டிராடஜிக் ரிவ்யூ’ இதழ் புதிய வகுப்புகளின் களமாயிற்று. ஜோ ஃபிஷர் வனக்காவலரையும், பீட்டர் ஆரன்சன் மாயத்தோற்றவாதியையும் அதில் வழங்கினர். 1976இல் டக் ஷ்வெக்மன் கெல்டிய, நோர்சு, தென்னைரோப்பியப் பாடகர் மரபுகளை இணைத்துப் பாணர் வகுப்பை அமைத்தார். ‘பாணர்’ என்பது இங்கு மொழிபெயர்ப்பு வசதி கருதியதே. சங்கப் பாணரோடு அதற்குத் தொடர்பில்லை.

இவ்வகுப்புகளில் ஆற்றலும் தடையும் இணைந்தே வந்தன. வனக்காவலர் தொடக்கத்திலேயே இரு உயிர்ப்பகடை பெற்றார். ஆனால் தாமும் தம் குதிரையும் சுமக்கக்கூடியதற்கு மேல் உடைமை வைத்திருக்கலாகாது. ‘கிரேஹாக்’ நூலின் அறவீரர் வகுப்புக்குக் கவர்ச்சிப் பண்பு 17 தேவை. ஒழுங்குக்கு மாறான ஒரு செயலே அந்நிலையை நிரந்தரமாக இழக்கச் செய்யும். இரண்டாம் படிநிலையை எட்டத் தேவையான அனுபவப் புள்ளிகள் திருடருக்கு 1,200, போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 என அமைந்தன. தடை, முன்னிபந்தனை, வளர்ச்சி வேகம் ஆகிய மூன்றும் சமநிலைக் கருவிகளாயின. எனினும் இக்கருவிகள் பாத்திரத்தின் வலிமையை மட்டுமே அளந்தன. பிற பாத்திரங்கள் இழந்த செயல்வெளியை அளக்கவில்லை.

முடிவுரை

1978ஆம் ஆண்டு ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ இப்பல்வேறு முயற்சிகளை ஒரே நூலில் தொகுத்தது. பாணர் பின்னிணைப்பில் நின்றார். கொலையாளியும் துறவிப்போராளியும் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் அடிப்படை நூலில் இடம்பெறவில்லை. எனவே வகுப்புப் பட்டியல் என்றும் முடிந்த முடிபாக இருந்ததில்லை. ஆட்டத்தின் நெருக்கடியும் வாசகர் விருப்பமும் வகுப்புகளைப் பெருக்கின என்பதும், பெயரற்றுக் கிடந்த பொதுச்செயலுக்கு எண் வகுக்கும்போதே உரிமைச் சிக்கல் எழுகிறது என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. புதிய வகுப்பை மதிப்பிடுவோர் அது எதனை வழங்குகிறது என்பதோடு, ஏனையோரிடமிருந்து எதனை விலக்குகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.