கன்னப் புற்றின் விளிம்பு

இலங்கையின் ராகலைத் தேயிலை மலைகளில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையையும் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நிரையேறுவது பழைய வழக்கம். அதக்கிய அந்த இடத்தில் எழும் கட்டியை எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சிகிச்சையின் பலனை மதிப்பிடும் ரெசிஸ்ட் விதி (2000, திருத்தம் 2009) கட்டியின் மிக நீண்ட விட்டத்தையே நம்புகிறது. ஆனால் அளவு மட்டும் போதாது: ஒரே ஏக்கர் கணக்குள்ள இரண்டு மலைகளில் ஒன்று சீராகச் சரிந்திருக்கும். மற்றது ஓடையையும் பாறையையும் சுற்றி விரல்விட்டுக் கிடக்கும். கொழுந்து பறிப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

வடிவமும் முக்கியம் என்பதை வாய்ப்புற்றில் மருத்துவம் பாதி ஏற்றுக்கொண்டுவிட்டது. 2018 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு வகைப்பாட்டின் 8ஆம் பதிப்பில், 2 செ.மீ. கட்டி 5 மி.மீ.க்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால் டி1 வகையிலிருந்து அடுத்த நிலையான டி2 ஆகிறது. ஆழம் வடிவத்திலிருந்து கிள்ளியெடுத்த ஓர் எண். அப்படியானால் விளிம்பு முழுவதையும் தரவாகக் கொள்வதே முறை என்பது என் வாதம்.

இடம், அளவு, திருப்பம் மூன்றையும் நீக்கியபின் எஞ்சுவதே வடிவம் என்று வரையறுத்தவர் புள்ளியியலாளர் டேவிட் கெண்டல். முகத்தில் மூக்கு நுனி, கண்ணோரம் என ஒப்பிட நிலைக்குறிகள் உண்டு. கட்டிக்கு அவை இல்லை. அனுஜ் ஸ்ரீவஸ்தவா குழு 2011இல் இதற்கு வழிகண்டது: விளிம்பில் நகரும் புள்ளியின் திசைவேகத்தை அதன் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு வளைகோட்டை இன்னொன்றாக வளைத்து இழுப்பதற்கான செலவு சாதாரணத் தூரமாகிவிடும், எந்தப் புள்ளிக்கு எது இணை என்பதையும் கணக்கே தேடிக்கொள்ளும். சி. ஆர். ராவ் 1945இல் நிகழ்தகவுப் பரவல்களுக்கிடையே வகுத்த தூரத்தோடு இதற்கு நேரடி உறவு உண்டு. கார்த்திக் பரத், வீரபத்திரன் பாலதண்டாயுதபாணி முதலானோர் 2018இல் இவ்வழியில் குளியோபிளாஸ்டோமா மூளைக்கட்டிகளை ஆராய்ந்தனர். ஆயுட்காலம் பெரிதும் வேறுபட்ட இரு நோயாளர் குழுக்கள் வெளிப்பட்டன. மருத்துவ, மரபணுத் தகவல்களோடு வடிவத்தையும் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது.

இம்முடிவை அப்படியே கன்னப் புற்றுக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. கன்னத்தில் கட்டி தசையையும் தாடையெலும்பையும் ஒட்டி இறங்குகிறது; அதன் விளிம்பில் புற்றின் இயல்போடு தாடையின் அமைப்பும் பதிந்திருக்கும். இவ்விரண்டையும் பிரிக்காத கணித மாதிரி தாடையைப் படித்துவிட்டு நோயைப் படித்ததாகச் சொல்லும்.

அளவை நீக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் பேர் (கூலிக் கணக்கு) போய்விடுமே என்று லயத்துப் பெண் ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறாள். தள்ளிப்போன மாதங்கள் கட்டியின் பருமனில் இருக்கின்றன. ஆகவே அளவும் வடிவமும் ஒரே மாதிரியில் இணைந்தே நிற்க வேண்டும். விளிம்பைக் கையால் வரையும்போது இரு நிபுணர்கள் இரு கோடுகள் வரைவார்கள். அந்த வேறுபாட்டையும் பிழையென்று அழிக்காமல் கணக்கில் சுமக்க வேண்டும். பேராதனைப் பல் மருத்துவ பீடம் போன்ற இடத்தில் கன்னப் புற்றுப் படங்களின் தொகுப்பொன்று தொடங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு விளிம்புகள், ஆழம், புண் தெரிந்த நாளுக்கும் படமெடுத்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஆகியவை முதல் படத்திலிருந்தே பதிவாக வேண்டும்.